நான்காவது ஊசி

"என்கிட்ட ஏதோ கேக்கணும்னுதானே வந்தே?"

"இல்லையே."

"மூணு நாளா பாக்கறேன். கேக்க வர்ற மாதிரியே வந்து கதவுப் பக்கம் நிக்கறே. அப்புறம் 'உப்பு வாங்கணுமா'ன்னு கேட்டுட்டுப் போயிடறே. வீட்ல ஏற்கெனவே மூணு பாக்கெட் இருக்கு. இன்னும் ரெண்டு வாங்கினா சமையலறையிலயே ஒரு சமுத்திரத்தைக் கரைச்சு விட்டுடலாம்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான். பஸ் போயிடும், கிளம்புங்க."

"கிளம்பறேன். ஆனா கேக்கணும்னா கேட்டுடும்மா. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். எந்த ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாலும் வந்து இறக்கி விட்டுடுவேன். ஆனா உள்ள இருக்கறவங்க மணி அடிச்சாத்தான் எனக்குத் தெரியும்."

அவள் கணவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மாடிப் படிகளையும் தடதடவென்று இறங்கிப் போனான். ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைப்பவன் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் ஓடுவதில்லை. அது வேறு கம்பெனி லிஃப்ட், அவன் கை வைக்கக் கூடாதாம். அதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத அண்டை வீட்டார் கிடையாது.

இந்தப் பேச்சு நடந்து பதினோரு வாரம் ஆகிறது. அவன் மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை. பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும், அந்த "இல்லையே" தொண்டையில் மீன்முள் போல வந்து நிற்கும். அன்றைக்கு அவன் திறந்து வைத்த கதவை அவளேதான் சாத்தினாள். சாத்திவிட்டு ஆபீசுக்குப் போய், அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தாள்.

அவள் வேலை பார்ப்பது சுகாதாரத் துறையில், பால்வினை நோய்ப் பதிவேட்டுப் பிரிவில். மூன்றாவது மாடி, நடைபாதையின் கடைசி அறை. நகரத்தைச் சுற்றியுள்ள எந்தப் பரிசோதனைக் கூடத்தில் யாருடைய ரத்தத்தில் அந்த நோய்களில் ஒன்று தெரிந்தாலும் முடிவு அவள் கணினிக்கு வந்து சேரும். எந்தக் கிளினிக்கில் யாருக்கு எத்தனை ஊசி போட்டார்கள் என்பதும் வரும். இரண்டையும் பொருத்துவது, விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் ஒன்றாகச் சேர்ப்பது, இதெல்லாம் அவள் பொறுப்பு. திங்கட்கிழமைதோறும் அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு பட்டியல் பிறக்கும். ஊசியைப் பாதியில் விட்டவர்கள், துணைக்குப் பரிசோதனை ஆகாதவர்கள் என்று. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவது போன் அக்காவின் வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி. அவள் பேசினால் கல்லும் ஊசி போட்டுக்கொள்ள வரும் என்பார்கள். அவள்தான் இவளுக்குப் "பட்டியல்" என்று பேர் வைத்தவள். "என்னடி பட்டியல், இந்த வாரம் எனக்கு எத்தனை வாய்ப்பேச்சு வச்சிருக்கே?" என்றுதான் திங்கட்கிழமை விடியும்.

புதிதாக வரும் கிளினிக் ஊழியர்களுக்கு இவள்தான் வகுப்பு எடுப்பாள். "இது சளி, காய்ச்சல் மாதிரி ஒரு வியாதி. வந்தவங்களைப் பாத்து முகம் சுளிக்கக் கூடாது. வெட்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல" என்று சொல்வாள். நாற்பது ஐம்பது முறை சொல்லியிருப்பாள். குரலில் ஒரு பிசிறும் இல்லாமல் சொல்லியிருப்பாள்.

அந்த உப்புப் பேச்சுக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஆபீசில் ரத்ததான முகாம் நடந்தது. அவளும் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து தனியாகப் பேசினார்கள். அவள் ரத்தத்தைப் பயன்படுத்த முடியாது, டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். எதற்கு என்று அவள் கேட்கவேயில்லை. எதிர்முனையில் இருந்தவரின் குரல் தாழ்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தாழ்வைப் பற்றித்தான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவள் அவள்.

சிஃபிலிஸ். பழையது, எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், யாருக்கும் முகம் தெரியாத ஊரில் தேடிப் பிடித்த டாக்டர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. கணவருக்கும் கட்டாயம் பரிசோதனை. அதற்கு முன் குழந்தை பற்றி யோசிக்க வேண்டாம்.

குழந்தை பற்றித்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருடம். லிஃப்ட்காரன் கல்யாணத்துக்கு முன்னால் நாலு ஊரில் வேலை பார்த்தவன். அவளுக்கும் கல்லூரி முடித்த புதிதில் ஒருவனோடு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று இருவரும் நினைத்திருந்தார்கள். இப்போது அவளுக்கு அதுவே ஆளைத் தின்றது. அவனிடமிருந்து வந்ததென்றால் கோபப்படலாம். தன்னிடமிருந்து போனதென்றால்? அவள் அவனிடமிருந்து விலகிப் படுக்க ஆரம்பித்தாள். தலைவலி என்றாள், முதுகுவலி என்றாள். அவன் ஒரு நாள், "உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?" என்று விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டான். விளையாட்டு இல்லை என்பது அவன் காது மடல் சிவந்ததில் தெரிந்தது.

அந்தத் தூரத்துக் கிளினிக்கில் அவள் சர்டிபிகேட்டில் உள்ள பெயரைக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரைக் கொடுத்தாள். போன் நம்பரும் பழையது. ஆனால் பிறந்த தேதியைப் பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லை. தவறான தேதிகளோடு மல்லுக்கட்டியே பத்து வருடம் ஓட்டியவள். அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் தொழில் அனுமதிக்கவில்லை.

எவ்வளவு தூரம் ஓடி என்ன? மூன்றாவது ஊசி முடிந்த மறுநாள், அந்தக் கிளினிக் சமர்த்தாகத் தன் அறிக்கையை அனுப்பியது. அது அவளுடைய கணினியிலேயே வந்து உட்கார்ந்தது. பதிவு எண் 5102. சிகிச்சை: மூன்று ஊசி. துணைக்குப் பரிசோதனை: ஆகவில்லை. அதாவது வருகிற திங்கட்கிழமை இந்த வரி போன் அக்காவின் பட்டியலில் ஏறும். பழைய நம்பர் எடுக்காது. அக்கா விடமாட்டாள். கிளினிக்கைக் கேட்பாள், பஸ்ஸேறிப் போவாள், தோண்டுவாள்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. அவள் ஏற்பாடு செய்து வைத்த கேள்விதான். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் கணினி இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, 'இருவரும் ஒரே ஆளா?' என்று கேட்கும். 5102க்குப் பக்கத்தில் 4417 நின்றது. அதே பெயர், அதே தேதி. வேறொரு பெண். துணி ஆலையில் பட்டன் தைப்பவள். ஐந்தாம் மாதம். ஒரு ஊசி போட்டிருக்கிறாள், இரண்டு பாக்கி. புருஷனுக்குப் பரிசோதனை ஆகிவிட்டது.

சந்தேகத்துக்கு இடமே இல்லாத கேள்வி அது. உலகத்திலேயே இந்த ஒரு ஜோடி வேறு வேறு ஆள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

'ஆம்' என்பதை அழுத்தினாள்.

5102 கரைந்து 4417க்குள் போய்விட்டது. அவள் மறைந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. மதியம் நன்றாகச் சாப்பிட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொண்டதில் இன்னொருத்திக்கு என்ன ஆகும் என்பது அன்றைக்கு அவள் மூளையில் உறைக்கவே இல்லை. ஊசிகளைக் கூட்டிப் பார்க்கிறவள் அன்று கூட்டிப் பார்க்கவில்லை.

பதினோராவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. போன் அக்கா வந்து அவள் மேஜை மேல் ஒரு காகிதத்தை அறைந்தாள். அக்கா காகிதத்தை அறைந்து அவள் பார்த்ததில்லை.

"ஏண்டி, மூணு ஊசி போட வேண்டிய வியாதிக்கு நாலு ஊசி போட்டுக்கிட்ட மகராசி யாருடி?"

"எந்தக் கேஸ்க்கா?"

"4417. பட்டன் பொண்ணு. நாலு ஊசி, சிகிச்சை முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. இப்ப ஏழாம் மாசம் ரத்தம் எடுத்திருக்காங்க, அளவு ஏறியிருக்கு. உன் மிஷின் 'மறுபடியும் தொற்று, விசாரிக்கவும்'னு எனக்குத் துப்புது. நானும் லூசு மாதிரி கூப்பிட்டுக் கேட்டேன்." அக்காவின் குரல் உடைந்தது. "என்ன கேட்டேன் தெரியுமா? சிகிச்சை முடிஞ்ச அப்புறம் புதுசா யார்கூடவாவது பழக்கம் உண்டாம்மான்னு கேட்டேன். வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட. அவ புருஷன் பக்கத்துலயே நின்னிருக்கான்."

அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"அவ அழுதாடி. 'ஒரு ஊசிதானேக்கா போட்டேன். அடுத்ததுக்குக் கூப்பிடறேன்னு சொன்னீங்க. யாரும் கூப்பிடல. ஒண்ணு போதும்போலன்னு இருந்துட்டேன்'ங்கறா. நான்தான் கூப்பிடறேன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை பட்டியல்ல அவ பேரே இல்ல. மீதி மூணு ஊசி யாரோடது?"

என்னோடது என்ற ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. வந்து, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

"பாக்கறேன்க்கா" என்றாள்.

"பாரு. டாக்டரம்மா பத்து நிமிஷத்துல வரச் சொல்லியிருக்காங்க."

பிரிவின் தலைமை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அவர் மேஜையின் மறுபக்கம் அவளும் போன் அக்காவும் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல அந்தப் பொண்ணு. ஒண்ணுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே மூணும் முடிஞ்சாத்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு. அவகாசம் இருக்கு. ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது."

"இன்னிக்கு மதியமே வரேன்னிருக்கா. நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள் அக்கா. "அவ புருஷன்கிட்டயும் பேசறேன். தப்பு எங்க மேலதான்னு கால்ல விழுந்தாவது சொல்றேன்."

"சரி." டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரோட பதிவு ஒண்ணாயிருக்கு. பொருத்தம் பாக்கற விதியில கோளாறு இருக்கா? கம்ப்யூட்டர் தானாச் சேத்துடுச்சா?"

தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடந்தது. ஆமாம் டாக்டர் என்று சொன்னால் போதும். விதியைத் திருத்துகிறேன் என்று சொல்லலாம். யாரும் கம்ப்யூட்டரை அழைத்து விசாரிக்கப் போவதில்லை. யார் எதை எப்போது அழுத்தினார்கள் என்ற குறிப்பு இருக்கிறதுதான். அந்தக் குறிப்பை எடுத்துத் தர வேண்டியவளும் அவளே.

வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி கையில் போனை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் புருஷனின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்த முகம் மாறுவதற்குப் பயந்துதான் இவள் பதினோரு வாரமாக உப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். தான் பட மறுத்ததை அப்படியே எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்துவிட்டாள்.

"இல்ல டாக்டர். கம்ப்யூட்டர் கேட்டுது. நான்தான் ஆமான்னு சொன்னேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சு." அவள் மேஜை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள். "5102 நான். அந்த மூணு ஊசி என்னோடது. அக்கா பட்டியல்ல வந்துடுவேன்னு பயந்து அந்தப் பொண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அவ ஊசிக் கணக்கு தப்பாகும்னு யோசிக்கல. யோசிச்சிருக்கணும். என் வேலையே அதுதான்."

பேனா மூடி திறந்தபடி நின்றது. அக்கா இவளைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். காது, கழுத்து, முதுகு என்று உடம்பெல்லாம் எரிந்தது. தரை பிளந்தால் அதில் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"நான் அந்தப் பொண்ணைப் பாத்து மன்னிப்புக் கேக்கறேன் டாக்டர்."

"கூடாது" என்றார் டாக்டரம்மா. சத்தம் போடவில்லை. "நீ யாருன்னே அவளுக்குத் தெரியாது. நீ போய் நின்னா, தன் பேரை இன்னும் ஒருத்தி படிச்சிருக்கான்னு தெரியும். மன்னிப்புக் கேட்டு நீ லேசாயிடுவே, அவ பாரமாயிடுவா. தப்பு ஆபீசோடதுன்னு நான் எழுத்துல கொடுக்கறேன். உன் வெட்கத்தை நீயே வச்சுக்கோ."

மெமோ வந்தது. பதிவுகளைச் சேர்க்கும் அதிகாரம் அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. இனி எந்த இரண்டு பதிவைச் சேர்த்தாலும் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதி மாறியது. அந்த விதியைக் கணினியில் எழுதி ஏற்றச் சொன்னதும் அவளைத்தான். ஏற்றினாள். பிறகு 4417ஐயும் 5102ஐயும் பிரித்தார்கள். அவள் காரணம் எழுதினாள், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, 'பணியாளர் தெரிந்தே செய்த தவறு' என்று எழுதினாள்.

அன்று மதியம் சன்னல் வழியாகப் பார்த்தாள். அக்கா ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினாள். ஒடிசலான பெண், வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. பின்னால் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நடந்து வந்தான். அக்கா அவனிடம் ஏதோ சொல்லச் சொல்ல, கட்டியிருந்த கை அவிழ்ந்தது. வாசல் படியில் அவன் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மாலை அக்கா அவள் மேஜையருகே வந்து நின்றாள்.

"மூணு செவ்வாய்க்கிழமை நீ ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்காந்தே" என்றாள். "பதினாறு வருஷமா அந்த ஊசி போட்டவங்களைப் பாக்கறேன். எப்படி உக்காருவாங்கன்னு தெரியாதா? நீயே சொல்லுவேன்னு இருந்தேன். இத்தனை நாள் சிரிச்சுப் பேசிட்டு, என்கிட்டேர்ந்தே ஒளிஞ்சிருக்கே பாரு. அதுதாண்டி எனக்கு..." முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை பட்டியல் பிறந்தது. இருபத்து மூன்று வரிகள். பதினெட்டாவது வரி 5102. அவளே அச்செடுத்து, அவளே கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்தாள். அக்கா மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு அவள் செல்போன் அடித்தது. பத்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம்மா. சுகாதாரத் துறையிலிருந்து பேசறேன். நீங்க இப்ப தனியா இருக்கீங்களா?"

நீங்க என்றாள் அக்கா. பத்து வருடத்தில் அவள் இவளை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. எல்லாருக்கும் கொடுக்கும் மரியாதையை, அதே அளவில், குறைக்காமல் கூட்டாமல் கொடுத்தாள்.

"தனியாத்தான் இருக்கேன்."

"உங்க சிகிச்சை முடிஞ்சுது, நல்லது. உங்க கணவருக்குப் பரிசோதனை இன்னும் ஆகல. நீங்களே அவர்கிட்ட சொல்லலாம். சொல்ல முடியாதுன்னா உங்க பேரைச் சொல்லாம நாங்க சொல்றோம். எது வசதின்னு நீங்கதான் சொல்லணும். அவசரமில்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத்தான் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டாயிற்று.

"நானே சொல்றேன்."

"என்னிக்கு?"

அக்கா எல்லாரிடமும் இதைக் கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். நாள் குறிக்காதவர்கள் சொல்வதில்லை என்பது அக்காவின் அனுபவம்.

"இன்னிக்கு."

"சரிம்மா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நம்ம கிளினிக் திறந்திருக்கும். தைரியமா இருங்க."

கதவு திறந்தது. "என்னடி பட்டியல், பிரிண்டர்ல மை தீந்துடுச்சா? கடைசி நாலு வரி கண்ணே தெரியல" என்று கேட்டுக்கொண்டே அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள். அக்கா அவளை 'என்னடி' என்று கூப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் லிஃப்ட்காரன் நின்றிருந்தான். வேலை சீக்கிரம் முடிந்ததாம். கையில் காய்கறிப் பை. இருவரும் சேர்ந்து நடந்தார்கள். கட்டடத்தின் லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அட்டை வழக்கம்போலத் தொங்கியது. அவன் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் படியேறினான். முதல் மாடியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், டாக்டர் வீட்லயே இருமலா?" என்றார். அவன் சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். சன்னல் வழியே மாலை வெயில் படிக்கட்டில் விழுந்திருந்தது. மேலே நாலு படி ஏறிப் போனவன், செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் பார்த்தான். முகத்தைப் பார்த்ததும் பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"என்னம்மா? மூச்சு வாங்குதா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"உப்பு தீந்துடுச்சா?" என்றான் மெதுவாக. அவன் மறக்கவில்லை. பதினோரு வாரமாக அவனும் அதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கேலியாகக் கேட்டவனின் கண்ணில் கேலி துளியும் இல்லை. பயம்தான் இருந்தது.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் கொதித்தது. குனியத் தோன்றிய தலையைக் குனியாமல் வைத்துக்கொண்டாள்.

"உப்பு இருக்கு. எனக்கு ஒரு வியாதி இருந்துது. பால்வினை நோய். உங்களுக்குத் தெரியாம ஊசி போட்டுச் சரி பண்ணிக்கிட்டேன். அது உங்ககிட்டேர்ந்து எனக்கு வந்துதா, என்கிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்குமா, தெரியாது. டாக்டராலயும் சொல்ல முடியாது. அதை மறைக்கப் போய் ஆபீஸ்ல ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், அதையும் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே கேக்க வந்தது இதைத்தான். நீங்களும் ரத்தம் குடுத்துப் பாக்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என்கூட வரீங்களா?"